ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டும்

போன மாதம் மினியாபொலிஸிலிருந்து என் மகள் போன் செய்தாள். ஊருக்கு வந்திருந்தபோது கும்பகோணத்தில் ஓர் ஈயச்சொம்பு வாங்கிப் போயிருந்தாள். அங்கே யாரோ அவளிடம், "குளிர் தேசத்தில் ஈயம் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும்" என்று சொல்லிவிட்டார்களாம்.

"அப்பா, நிஜமா? அடுப்பில வெறுமனே வெச்சா உருகிடும்னு பாட்டி சொல்லியிருக்காங்க. குளிர்லயும் ஆகாதுன்னா இதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

பாட்டி சொன்னதும் சரி, மினியாபொலிஸ்காரர் சொன்னதும் சரி. ஈயச்சொம்பு என்று நாம் சொல்வது காரீயம் அல்ல, வெள்ளீயம். அது 232 டிகிரியிலேயே உருகிவிடும். ரசத்தை ஊற்றிய பிறகுதான் அடுப்பில் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் 1979-ல் ஒரு சொம்பு, போன் மணி அடித்த இடைவெளியில் அடுப்பிலேயே குளமாகிப் போனது.

குளிர் விஷயம் வேறு. வெள்ளீயம் 13.2 டிகிரிக்குக் கீழே போனால், அதன் அணுக்கள் வேறு மாதிரி அடுக்கிக்கொள்ளப் பார்க்கும். புது அடுக்குக்குக் கால் பங்குக்கு மேல் கூடுதல் இடம் வேண்டும். அதனால் பாத்திரம் புடைத்து, வெடித்து, சாம்பல் நிறப் பொடியாகும். ஆனால் 13 டிகிரிக்குக் கீழே வந்ததுமே இது நடந்துவிடாது. எங்காவது ஒரு புள்ளியில் புது அடுக்கு பிறக்க வேண்டும். அந்தப் பிறப்புதான் கஷ்டம். மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூடத் தள்ளிப் போகலாம். பிறந்துவிட்டாலோ, தொற்றுவியாதி போல் பரவும். நல்ல ஈயத்தின் மேல் அந்தச் சாம்பல் பொடியைக் கொஞ்சம் தேய்த்து, குளிரிலேயே வைத்திருந்தால் அதற்கும் தொற்றிக்கொள்ளும். நம் பாலில் உறைமோர் விடுகிற மாதிரி. அங்கே வேலை செய்வது கிருமி, இங்கே அணுக்களின் அடுக்கு. ஆனால் 'ஒரு துளி இருந்தால்தான் மீதி நடக்கும்' என்பது இரண்டுக்கும் பொது.

"சமையலறையிலேயே வை, கார் ஷெட்டில் வைக்காதே. ரசம் தாராளமா வை" என்றேன். அவள் நிம்மதியாகப் போனை வைத்துவிட்டாள். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. திடப்பொருளுக்குள் நடக்கும் மாற்றம் என்று யார் பேச்செடுத்தாலும் எனக்கு ஒரு பஞ்ச் நினைவுக்கு வரும். அதைப் பற்றி இத்தனை வருடங்களில் நான் எங்கும் எழுதியதில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

உலைக்கு முன்னால் 34 வருடங்கள்

1974-ல் எல்.எம்.இ. முடித்துவிட்டு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் கம்பெனியில் சேர்ந்தேன். 2008-ல் ஓய்வு பெறும்வரை அதே தொழில்தான். கியர், ஷாஃப்ட், டை, பஞ்ச் என்று மற்றவர்கள் செய்து கொண்டுவந்து கொடுப்பதைக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி, பதப்படுத்திக் கொடுப்பது எங்கள் வேலை. எங்கள் வேலைக்கு ஒரு சாபம் உண்டு. கொண்டுவந்த பொருளும் திரும்பக் கொடுக்கும் பொருளும் பார்வைக்கு ஒன்றேபோல் இருக்கும். தச்சர் வேலை செய்தால் நாற்காலி தெரியும், தையற்காரர் செய்தால் சட்டை தெரியும். எங்கள் வேலை முழுக்க உள்ளே. பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத வேலைக்குக் கூலி கொடுக்க யாருக்கும் மனசு வராது, காத்திருக்கவும் மனசு வராது.

நம்மில் பலர் 'திடப்பொருள்' என்றால் அசையாதது, முடிந்துபோனது என்று நினைக்கிறோம். அப்படியில்லை. இரும்பு உருகுவதற்கு 1538 டிகிரி வேண்டும். அதற்கு வெகு முன்பாகவே, 912 டிகிரியில், திடமாக இருக்கும்போதே அதன் அணுக்கள் அடுக்கு மாற்றிக்கொள்கின்றன. அதற்குக் கீழே, கனசதுரத்தின் எட்டு மூலைகளில் ஒவ்வொன்றும் நட்ட நடுவில் ஒன்றுமாக இருக்கும். அதற்கு மேலே, எட்டு மூலைகளிலும் ஆறு முகங்களின் நடுவிலுமாக இன்னும் நெருக்கமாக உட்காரும். கரி கலந்த இரும்புதான் எஃகு. எஃகில் இந்த மாற்றம் 727 டிகிரியிலேயே தொடங்கிவிடும். மேலே உள்ள அடுக்கில் கரி அணுக்கள் தங்குவதற்கு இடம் உண்டு, கீழே உள்ள அடுக்கில் அநேகமாக இடமே இல்லை. தோய்ச்சல் என்று நம் ஊர்ப் பட்டறைகளில் செய்கிற வேலை எல்லாம் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கரி அதிகமுள்ள ஸ்டீல் கம்பியை நன்றாகப் பழுக்கக் காய்ச்சி இருட்டறையில் ஆற விடுங்கள். சிவப்பு மங்கிக்கொண்டே வரும். ஒரு கட்டத்தில் மங்குவது நின்று, ஒரு கணம் மறுபடியும் பிரகாசமாகும். பிறகுதான் அணையும். புது அடுக்குக்கு மாறும்போது அணுக்கள் வெளியே தள்ளுகிற சூடு அது. நான் சேர்ந்த முதல் வாரம் எங்கள் மேஸ்திரி இதைக் காட்டி, "பார்த்தீங்களா தம்பி, உள்ள வீடு மாத்துறாங்க" என்றார்.

கல்யாண மண்டபத்தில் இடம் மாறுவது

இந்த வீடு மாற்றம் எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பின்னால் சொல்லப்போவதற்கு அது தேவை.

ஒரு பெரிய கல்யாண மண்டபத்தில் நாற்காலிகள் வரிசையாகப் போட்டு, நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். வரிசையை மாற்றிப் போட்டால் எல்லோருக்கும் வசதி என்று வைத்துக்கொள்வோம். நடு மண்டபத்தில் நான்கு பேர் எழுந்து புது மாதிரி உட்கார்ந்தால் என்ன ஆகும்? நான்கு பேருக்கும் பக்கத்தில் பழைய வரிசைக்காரர்கள். முழங்கை இடிக்கும், கால் இடிக்கும். "எதுக்கு வம்பு" என்று பழைய இடத்துக்கே போய்விடுவார்கள். சிறு கூட்டத்தில் எல்லோருமே ஓரத்துக்காரர்கள். இடிபடாத உள்ளாட்கள் யாருமில்லை. அதே நாற்பது ஐம்பது பேர் ஒரே சமயத்தில் மாறிவிட்டால், உள்ளே இருப்பவர்களுக்குக் கிடைக்கும் சௌகரியம் ஓரத்துக்காரர்களின் இடிபாட்டை மீறிவிடும். அந்தக் கூட்டம் கலையாது. பக்கத்தில் இருப்பவர்களும் ஒவ்வொருவராக அதில் சேர்ந்துகொள்வார்கள்.

படிகம் பிறப்பதும் வளர்வதும் இப்படித்தான். ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் குறைவான கரு தானே கரைந்துபோகும். அந்த அளவைத் தாண்டிய கரு வளரும். கரு எங்கே எளிதில் உண்டாகும்? ஏற்கெனவே வரிசை கலைந்து கிடக்கும் இடத்தில். மண்டபத்தில் தூண் ஓரம், வாசல் ஓரம். எஃகுக்குள்ளே வயல் வயலாகப் படிக மணிகள் இருக்கும். ஒவ்வொரு வயலிலும் ஒவ்வொரு திசையில் நடவு. வயலுக்கும் வயலுக்கும் நடுவில் வரப்பு. அந்த வரப்புகளில்தான், அதிலும் மூன்று நான்கு வரப்புகள் கூடும் முக்குகளில்தான், புது அடுக்கு முதலில் முளைக்கும். எஃகில் கலந்துவிட்ட கசடுத் துணுக்கும் அப்படி ஓர் இடம்தான்.

அடுத்தது வேகம். இதில்தான் வேடிக்கை. மாற்ற வெப்பநிலைக்குச் சற்றே கீழே இருக்கும்போது, அணுக்கள் தாராளமாக நடமாடும், ஆனால் மாற வேண்டும் என்ற உந்துதல் குறைவு. மிகவும் குளிர்ந்த பிறகு உந்துதல் ஏராளம், நடக்கத்தான் சக்தி இல்லை. இளமையில் முறுக்குத் தின்னக் காசில்லை, காசு வந்தபோது பல்லில்லை என்று நாம் சொல்லிக்கொள்கிறோமே, அதே கதை. இரண்டுக்கும் நடுவே ஒரு வெப்பநிலையில் மாற்றம் மிக வேகமாக நடக்கும். 1930-ல் அமெரிக்காவில் டேவன்போர்ட், பெயின் என்ற இருவர் இதை வரைபடமாகப் போட்டுக் காட்டினார்கள். மூக்கு நீட்டிய மாதிரி ஒரு வளைகோடு. எங்கள் தொழிலில் அந்த மூக்குதான் பஞ்சாங்கம்.

எஃகை மெதுவாக ஆறவிட்டால் அந்த மூக்குக்குள் புகுந்து போகும். கரி அணுக்கள் நிதானமாக நடந்து தனியாக ஒதுங்கும். இரும்பு ஓர் அடுக்கு, இரும்பும் கரியும் சேர்ந்த கார்பைடு ஓர் அடுக்கு என்று மாறி மாறி வளரும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் முத்துச்சிப்பி போல மினுங்கும். அதனால் அதற்குப் பெயரே பியர்லைட். இது மிருதுவானது.

எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்கினால், மூக்குக்கு முன்னாலேயே தாண்டிக் குதித்துவிடும். அணுக்களுக்கு நடக்க நேரம் கிடைக்காது. அப்போது நடப்பது நடை அல்ல, அணிவகுப்பு. ஒரு பட்டாளம் ஒரே உத்தரவில் ஒரு பக்கமாகச் சாய்கிற மாதிரி, அடுக்கு முழுவதும் ஒலியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில் சாய்ந்து மாறிவிடும். வெளியேற முடியாத கரி அணுக்கள் உள்ளேயே மாட்டிக்கொண்டு அடுக்கை இழுத்துப் பிடிக்கும். இதுதான் மார்ட்டென்சைட். அரம் போட்டால் வழுக்கும், அவ்வளவு கடினம். ஆனால் கண்ணாடி மாதிரி. உள்ளே ஒவ்வொரு இடமும் இழுபறியில் இருக்கும். போதாததற்கு, மாறும்போது பொருள் கொஞ்சம் புடைக்கவும் செய்கிறது. வெளித்தோல் முதலில் மாறி இறுகிவிட, உள்பகுதி பிறகு மாறிப் புடைக்க, நடுவில் இழுபறி இன்னும் கூடுகிறது. கொஞ்சம் எஃகு மாறாமல் பழைய அடுக்கிலேயே மாட்டிக்கொண்டும் இருக்கும்.

முக்கி எடுத்ததும் வேலை முடிந்துவிட்டது போலத் தோன்றும். பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. உடனே அதை மிதமான சூட்டில் மணிக்கணக்கில் வைக்க வேண்டும். டெம்பரிங் என்போம். அந்தச் சூட்டில் மாட்டிக்கொண்ட கரி அணுக்கள் மெல்ல நகர்ந்து, கண்ணுக்கு எட்டாத சின்னஞ்சிறு கார்பைடு கருக்களாகப் பிறந்து வளரும். இழுபறி தளரும். கடினம் கொஞ்சம் குறையும், உடையாத தன்மை வரும். அதிகமாக வைத்தாலும் ஆபத்து. பெரிய கருக்கள் சின்னக் கருக்களைத் தின்று கொழுத்து, எஃகு சொங்கிப் போகும். பதம் என்று நம்மவர்கள் சொன்னது இதைத்தான். எங்கள் ஊர்க் கொல்லர் அரிவாளைத் தோய்த்து, ஓரத்தைத் தேய்த்து, மறுபடி அனலில் காட்டுவார். வைக்கோல் நிறம் வந்து, பழுப்பாகி, மயில்கழுத்து நிறத்தை நெருங்கும்போது சட்டென்று எடுப்பார். வைக்கோல் நிறம் என்பது சுமார் 220 டிகிரி, நீலம் என்பது சுமார் 300. தெர்மாமீட்டர் அவரிடம் இல்லை, காத்திருக்கும் பொறுமை இருந்தது.

அந்தச் சனிக்கிழமை

1983, தீபாவளிக்கு முந்தைய வாரம். பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு பிரஸ் ஷாப்பிலிருந்து ஒரு பஞ்ச் வந்தது. ஓ.எச்.என்.எஸ். என்று நாங்கள் சொல்லும் டூல் ஸ்டீல். 800 டிகிரியில் காய்ச்சி, எண்ணெயில் முக்கி, 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் டெம்பர் செய்ய வேண்டும். கார்டில் கேட்டிருந்த கடினம் 60 முதல் 62.

முக்கி எடுக்கும்போது மணி மூன்று. மூன்றே காலுக்குக் கரண்ட் போனது. டெம்பரிங் உலை ஆறிவிட்டது. ஐந்தே முக்காலுக்குத்தான் கரண்ட் வந்தது. உலை சூடேறி, இரண்டு மணி நேரம் வைத்து எடுக்க இரவு ஒன்பது ஆகிவிடும். மேஸ்திரி லீவில் ஊருக்குப் போயிருந்தார். பிரஸ் ஷாப் சூப்பர்வைசர் மதியத்திலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தீபாவளி ஆர்டர், மெஷின் சும்மா நிற்கிறது, முதலாளி திட்டுகிறார். எனக்கும் அன்று வீட்டில் துணி எடுக்கப் போவதாகப் பேச்சு.

கடினம் அளந்து பார்த்தேன். 64.

"அறுபத்திநாலா? கேட்டதுக்கு மேலயே இருக்கே சார். இன்னும் ஸ்ட்ராங்குதானே?" என்றார் அவர்.

ஸ்ட்ராங் இல்லை என்று எனக்குத் தெரியும். அது தெரியாமல் செய்தேன் என்றால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இல்லை. கார்டில் 62 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பஞ்சைக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலை பஞ்ச் தெறித்தது. ஒரு சில்லு ஹெல்ப்பர் பையனின் இடது கண்ணில். இருபது வயது இருக்கும். கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

பிரஸ்ஸை செட் செய்தவர் மேல் பழி போனது. பஞ்சும் டையும் சரியாக நேர் சேரவில்லை என்று முடிவு கட்டினார்கள். என் கார்டில் 62 என்றுதானே இருந்தது! நான் எங்கள் முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இனிமே சொல்லி என்ன ஆகப்போகுது" என்றார். நானும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். சொல்லவில்லை. அவன் குணமாகி ஊருக்குப் போய்விட்டான் என்றார்கள். நான் தேடவில்லை. தேடியிருக்கலாம்.

லீவு முடிந்து வந்த மேஸ்திரியிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. ஸ்கிராப் பெட்டியிலிருந்து ஒரு பழைய டையை எடுத்துக் காட்டினார். முக்கி எடுத்து, டெம்பர் செய்யாமல் ராக்கில் வைத்து மறந்துபோனதாம். யாரும் தொடாமலேயே இரவில் 'டிக்' என்று விரிசல் விட்டிருந்தது. "யாரும் அடிக்கல தம்பி. தானாவே வெடிச்சுது. உள்ள இருக்கிறதை நாம இறக்கி வெக்கலைன்னா அதுவே இறக்கிக்கும்" என்றார்.

அந்தப் பஞ்ச் டெம்பர் செய்யப்பட்டிருந்தால் உடைந்தே இருக்காது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. நேர் சேராமலும் இருந்திருக்கலாம். ஆனால் நேர் சேராததைத் தாங்கிக்கொண்டு வெறுமனே ஓரம் மழுங்கியிருக்கும் வாய்ப்பை அந்த இரண்டு மணி நேரத்தோடு சேர்த்து நான் எடுத்துவிட்டேன்.

இன்று ஏன் சொல்கிறேன்

இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் வைத்த உலைகள் வந்துவிட்டன, இந்தப் பழங்கதை எதற்கு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. டெம்பரிங் நேரத்தைக் குறைக்கவே முடியாது என்றும் நான் சொல்லவில்லை. சூட்டைக் கூட்டினால் நேரத்தைக் குறைக்கலாம். எவ்வளவுக்கு எவ்வளவு என்று ஹாலமன், ஜாஃப் என்ற இருவர் 1945-லேயே கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். இன்டக்‌ஷன் முறையில் சில விநாடிகளில் டெம்பர் செய்வது இன்று சர்வ சாதாரணம். அது அறிவால் நேரத்தைக் குறைப்பது. நான் செய்தது நேரத்தைத் திருடியது. அணுக்கள் நடக்க வேண்டிய தூரத்தை நடந்தே தீர வேண்டும். வேகமாக நடக்க வழி செய்யலாம், நடந்ததாக எழுதிக்கொள்ள முடியாது.

கம்ப்யூட்டர் உலை உலையின் சூட்டைத்தான் பதிவு செய்யும். சரக்கை முழுநேரம் உள்ளே விட்டு வைக்கிற மனத்தைப் பதிவு செய்யாது. இன்றும் டெலிவரி நெருக்கடி வந்தால் முதலில் வெட்டுப்படுவது கண்ணுக்குத் தெரியாத வேலைதான்.

இது தொழிற்சாலைக்காரர்களுக்கு மட்டும் சொல்வதல்ல. நம்மில் பலர் பிள்ளைகளுக்காக வீடு கட்டுகிறோம், மாடி எடுக்கிறோம். போன வருடம் எங்கள் தெருவில் ஒரு வீட்டில், தூணுக்கு விட்டிருந்த 20 மில்லிமீட்டர் கம்பி நேர்கோட்டில் இல்லை என்று, கேஸ் கட்டரால் சிவக்கக் காய்ச்சி வளைத்துக்கொண்டிருந்தார்கள். நான் போய்த் தடுத்தேன். கம்பி கட்டுபவர், "காலங்காலமா இப்படித்தான் சார் பண்றோம்" என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தக் காலத்து வழவழப்பான மைல்ட் ஸ்டீல் கம்பியைக் காய்ச்சி வளைத்தால் பெரிய நஷ்டம் இல்லை. அதன் பிறகு வந்த முறுக்குக் கம்பிக்கு, குளிர்ந்த நிலையில் முறுக்கியதால்தான் பலம். காய்ச்சினால் அந்தப் பலம் போய்விடும். இன்று நாம் வாங்குவது டி.எம்.டி. கம்பி. அதன் கதையே வேறு. ஆலையில் கடைசி உருளையிலிருந்து பழுக்கப் பழுக்க வெளிவரும் கம்பியின் மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பார்கள். வெளித்தோல் மார்ட்டென்சைட் ஆகிவிடும். நடுப்பகுதி இன்னும் சிவப்பாகவே இருக்கும். பிறகு கிடத்தி ஆறவிடுவார்கள். நடுவில் இருக்கும் சூடு வெளியே பாய்ந்து, தோலைச் சுமார் 600 டிகிரிக்கு மறுபடி சூடாக்கித் தானே டெம்பர் செய்துவிடும். நடுப்பகுதி நிதானமாக ஆறி மிருதுவாகும். வெளியே வலுவான வளையம், உள்ளே வளைந்து கொடுக்கும் நெஞ்சு. இளநீர்க் காய் மாதிரி. நன்றாக மெருகேற்றிய வெட்டு முகத்தில், ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலத்தைத் தடவினால் அந்த வளையம் கறுப்பாகத் தெரியும். ஃபி 500 என்று பில்லில் போட்டிருக்கிறதே, சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன் விசை வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்ற அந்தக் கணக்கில் பெரும் பங்கு இந்த வளையத்துடையது.

அதைக் கேஸ் கட்டரால் சிவக்கக் காய்ச்சினால் வளையம் போச்சு. அந்த இடத்தில் மட்டும் வேறு கம்பி. பார்வைக்கு அதே பளபளப்பு, அதே வரிகள். கான்கிரீட்டுக்குள் போய்விட்டால் யாருக்கும் தெரியாது. பூகம்பமோ புயலோ வரும் நாளில் மட்டும் கம்பிக்குத் தெரியும்.

ஆகவே வீடு கட்டும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் எளிமையானது. கம்பியைக் குளிர்ந்த நிலையிலேயே, உரிய விட்டமுள்ள உருளையில் வளைக்கச் சொல்லுங்கள். வளைத்ததை நிமிர்த்தி மறுபடி வளைக்க விடாதீர்கள். தூண் கம்பி இடம் தவறிவிட்டால் எஞ்சினீயரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கேஸ் கட்டர் தூண் பக்கம் வந்தால் நீங்கள் குறுக்கே நில்லுங்கள். அன்று ஒரு நாள் வேலை நின்றுபோனால் போகட்டும்.

பட்டறை, லேத், சின்ன யூனிட் நடத்தும் இளைய தலைமுறைக்கு ஒன்று. ஹீட் ட்ரீட்மென்ட்டுக்குச் சரக்குக் கொடுத்தால், "சீக்கிரம் கொடு" என்று வாசலில் உட்காராதீர்கள். உட்கார்ந்திருந்தவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் உட்கார்ந்திருந்ததும், நான் எழுந்து போகச் சொல்லாததும் சேர்ந்துதான் அது நடந்தது. கேட்ட கடினத்துக்கு மேலே வந்தால் 'அதிகம் நல்லது' என்று வாங்கிப் போகாதீர்கள், திருப்பிக் கொடுங்கள். டெம்பரிங் எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம் என்று கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

'ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கவில்லை' என்று என் அம்மா சாப்பாட்டுத் தட்டின் முன்னால் எங்களை அதட்டுவாள். சோற்றுக்குச் சொன்னது. சூடான சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டால் நம் நாக்குதான் வெந்துபோகும். நான் பொறுக்காததற்கு வெந்தது என் நாக்கு இல்லை.

அந்தப் பையனுக்கு இப்போது அறுபது வயதுக்கு மேல் ஆகியிருக்கும். திண்டிவனம் பக்கம் ஊர் என்று சொன்ன நினைவு. இதைப் படிக்கும் யாருக்காவது, இளவயதில் அம்பத்தூரில் பிரஸ் ஷாப்பில் வேலை செய்து இடது கண்ணை இழந்த ஒருவரைத் தெரிந்திருந்தால், தவறு பிரஸ்ஸை செட் செய்தவருடையது மட்டும் அல்ல என்று அவரிடம் சொல்லுங்கள். கார்டில் 62 என்று எழுதியவன் நான்.